அட்டவணை ஒப்பிக்கிறார்கள், பெட்டியை எண்ணத் தெரியவில்லை: முப்பரிமாண வடிவங்களைக் கைவேலையாகக் கற்பிப்பது

நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது: "கனச்சதுரத்துக்கு முகம் 6, விளிம்பு 12, முனை 8 என்று பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து விளிம்புகளை எண்ணச் சொன்னால் ஒருவன் 9 என்கிறான், இன்னொருத்தி 16 என்கிறாள். இதைச் செய்முறையாக எப்படிக் கொண்டுபோவது? கூடவே ஒரு சந்தேகம். உருளைக்கு விளிம்பு உண்டா, இல்லையா? ஒரு புத்தகத்தில் 2 என்றும் இன்னொன்றில் 0 என்றும் இருக்கிறது."

இரண்டாவது கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலாவதில்தான் பேச நிறைய இருக்கிறது.

அந்த 9, 16 இரண்டையும் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 16 சொன்ன பெண் எங்கே தொடங்கினோம் என்பதை மறந்து, பெட்டியைத் திருப்பத் திருப்ப எண்ணிய விளிம்பையே மறுபடி எண்ணியிருப்பாள். 9 சொன்னவன் விஷயம் வேறு. ஒரு கனச்சதுரத்தை மூலைப் பக்கமாக வைத்துப் பார்த்தால் மூன்று முகங்களும் சரியாக 9 விளிம்புகளும்தான் கண்ணுக்குத் தெரியும். புத்தகத்தில் அச்சாகியிருக்கும் படத்திலும் அதே 9 கோடுகள்தான். அவன் பொருளை எண்ணவில்லை, படத்தை எண்ணியிருக்கிறான். நாம் படத்தைக் காட்டியே பாடம் நடத்தியிருக்கிறோம், அவன் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறான்!

நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957-இல் முடித்த ஆய்வேடுகளில் இதைத்தான் விளக்கினார்கள். வடிவியல் அறிவு படிப்படியாக ஏறுகிறது. முதல் படியில் பிள்ளை உருவத்தை முழுசாகப் பார்க்கிறது: "இது பெட்டி மாதிரி இருக்கு." அடுத்த படியில்தான் அதன் பண்புகள் கண்ணில் படுகின்றன: எல்லாப் பக்கமும் சதுரம், எல்லா விளிம்பும் ஒரே நீளம். அதற்கும் மேலே போனால்தான் ஒரு பண்பு இன்னொன்றோடு எப்படித் தொடர்புடையது என்பது புரியும். வயது கூடுவதால் மட்டும் பிள்ளை ஒரு படி ஏறிவிடாது, அந்தப் படியில் போதிய அனுபவம் வேண்டும். முதல் படியில் நிற்கிற பிள்ளையிடம் அட்டவணையை நீட்டினால் அது அட்டவணையை வாங்கிக்கொள்ளும், பெட்டியை விட்டுவிடும்.

சரி, எதைக் கையில் கொடுப்பது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "செய்முறை வகுப்பு" என்றவுடன் ஒரே நாளில் களிமண், குச்சி, வண்ண அட்டை, காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிடுகிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். மணி அடித்தபோது பெருக்குவதற்கு நிறைய இருந்தது, பேசுவதற்கு ஒன்றும் இல்லை. பிறகுதான் பிடிபட்டது: ஒவ்வொரு பொருளும் வடிவத்தின் ஒரு குணத்தை மட்டும்தான் நன்றாகக் காட்டும், மற்றவற்றை மறைத்துவிடும். குச்சியால் செய்த கனச்சதுரத்தில் விளிம்பும் முனையும் துல்லியமாகத் தெரியும், ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அட்டைப்பெட்டியில் முகம்தான் எல்லாம், விளிம்பு ஒரு மடிப்பு மட்டுமே. களிமண் கட்டியில் உள்ளே இருப்பது தெரியும், விளிம்பு மழுங்கிப் போகும். அதனால் முகத்துக்கு அட்டை, விளிம்புக்கும் முனைக்கும் குச்சி, உட்புறத்துக்குக் களிமண், கொள்ளளவுக்கும் பார்வைக்கும் சிறு கட்டைகள் என்று பிரித்து, தனித்தனி நாளில் வையுங்கள். என் யோசனை முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது.

முதல் வகுப்பை விளையாட்டுக்கே விட்டுவிடுங்கள். ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். பந்து, டப்பா, தீப்பெட்டி, காகிதக் கூம்பு, பகடை எல்லாவற்றையும் உச்சியில் வைத்து விடச் சொல்லுங்கள். எது உருளும், எது சறுக்கும், எது இரண்டும் செய்யும்? விடுவதற்கு முன்னால் ஊகம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் விதி. டப்பா படுத்தால் உருளும், நின்றால் சறுக்கும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கூம்பில்தான் வேடிக்கை. சமதரையில் உருட்டிவிட்டால் அது நேராக எங்கும் போகாது. கூர்முனை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, அடிப்பக்கம் அதைச் சுற்றி வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். தரையில் மெல்லிய சாக்பீஸ் பொடி தூவி வைத்தால் அந்த வட்டம் அப்படியே பதிந்துவிடும். "ஏன் டீச்சர் இது மட்டும் திரும்பி வருது?" என்ற கேள்வி எழும். விடை சொல்லாதீர்கள். பின்னால் கூம்பை வெட்டி விரிக்கும் நாளில் ஒரு வட்டத்துண்டு கையில் கிடைக்கும். அன்றைக்கு யாராவது ஒருவர் கத்துவார்.

அடுத்தது பை விளையாட்டு. துணிப்பைக்குள் ஏழெட்டு வடிவங்கள். ஒரு பிள்ளை கையை மட்டும் உள்ளே விட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஆம், இல்லை என்ற பதில் வரும்படி கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். வடிவத்தின் பெயரையும், அதைப் போன்ற பொருளின் பெயரையும் கேட்கக் கூடாது. மரியா மாண்டிசோரியின் வகுப்புகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு மரத்தாலான கன உருவங்களைத் தடவி அறியும் பயிற்சி ஒன்று உண்டு, இதுவும் அந்த வழியில் வந்ததுதான். கண்ணுக்கு ஒரு பக்கம்தான் தெரியும், கைக்கு ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் தெரியும். 9 விளிம்பு எண்ணிய பையனுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. முதல் சுற்றில் "அது பெருசா?" என்று கேட்பார்கள். நான்காவது சுற்றில் "ஒரு விரலால தொடுற மாதிரி கூர்மையான இடம் இருக்கா?" என்று கேட்பார்கள். முனை என்ற சொல்லை அந்த நொடியில் கொடுங்கள். தேவை வந்த பிறகு வரும் சொல் நிற்கும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் பகடையைச் 'சதுரம்' என்பார்கள், பந்தை 'வட்டம்' என்பார்கள். "தப்பு, அது கனச்சதுரம்" என்று திருத்துவதில் பயனில்லை. பகடையை மையில் ஒற்றித் தாளில் பதிக்கச் சொல்லுங்கள். தாளில் விழுந்தது சதுரம், கையில் இருப்பது அதைவிட அதிகமான ஏதோ ஒன்று. பந்தை எப்படி ஒற்றினாலும் ஒரு புள்ளிக்கு மேல் பதியாது. அந்த ஏமாற்றம் ஒரு பாடம். இதில் நாமே செய்யும் ஒரு குழப்பமும் உண்டு: பிளாஸ்டிக் வட்டம், சதுரம், முக்கோணம் என்று வகுப்பில் வைத்திருக்கிறோமே, அவற்றுக்கெல்லாம் தடிமன் இருக்கிறது. அந்த 'வட்டம்' உண்மையில் ஒரு குட்டை உருளை. முக்கோணம் ஒரு மெல்லிய முக்கோணப் பட்டகம். பத்துப் பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினால் பட்டகமும் உருளையும் எப்படிப் பிறக்கின்றன என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கூம்பும் பிரமிடும் ஏன் இந்த வழியில் வராது என்று கேட்டுப் பாருங்கள். "மேல போகப் போகச் சின்னதாகணும்" என்று யாராவது சொல்வார்கள்.

வடிவங்களை எப்போதும் ஒரே நிலையில் வைத்துக் காட்டாதீர்கள். கூம்பு தலைகீழாகவும் இருக்கலாம், பக்கவாட்டில் படுத்தும் கிடக்கலாம். உருளை நீண்ட பென்சில் போலவும் இருக்கலாம், நாணயம் போலவும் இருக்கலாம். பொருந்தாத உதாரணமும் வேண்டும்: அடி குறுகி வாய் அகன்ற குவளை உருளை அல்ல, முட்டை கோளம் அல்ல. "கிட்டத்தட்ட, ஆனா இல்லை" என்று பிள்ளை சொல்லும்போதுதான் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று அதற்குத் தெரிகிறது.

இனி குச்சி. பல்குத்தும் குச்சிகளும் களிமண் உருண்டைகளும் போதும். இது புதிய யோசனையும் அல்ல. கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிள்ளைகளிடம் குச்சியையும் ஊறவைத்த பட்டாணியையும் கொடுத்துச் சட்டங்கள் கட்ட வைத்தார். இங்கே ஒரு தந்திரம்: பொருட்களை அளந்து கொடுங்கள், ஆனால் எத்தனை தேவை என்று சொல்லாதீர்கள். குழு உங்களிடம் வந்து "எங்களுக்கு இத்தனை குச்சி, இத்தனை உருண்டை வேணும்" என்று கேட்டு வாங்க வேண்டும், ஒரே தடவை மட்டும். மிச்சம் வந்தால் கணக்குத் தப்பு, குறைந்தாலும் தப்பு. கனச்சதுரத்துக்கு 12 குச்சி, 8 உருண்டை. முக்கோணப் பட்டகத்துக்கு 9 குச்சி, 6 உருண்டை. சதுரப் பிரமிடுக்கு 8, 5. நான்கு முக்கோணங்களால் ஆன நான்முகிக்கு 6, 4. மனப்பாடம் செய்த அதே எண்கள் இப்போது கடைக்காரரிடம் சொல்லும் கணக்காகிவிடுகின்றன. 16 சொன்ன பெண் இங்கே நான்கு குச்சிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். எண்ணுவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதை அவளே கண்டுபிடிப்பாள்: மேலே 4, கீழே 4, நிற்பது 4.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பல்குத்தும் குச்சிக்குப் பதில் ஸ்ட்ராவைக் கொடுத்து, உள்ளே நூல் கோத்து மூலைகளில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். களிமண் மூலை உருவத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், நூல் முடிச்சு அப்படிப் பிடிக்காது. அதனால் ஓர் உண்மை வெளியே வரும். கனச்சதுரம் நிற்காது. சாயும், சரியும், கடைசியில் மேசைமேல் தட்டையாகப் படுத்துவிடும். பக்கத்துக் குழுவின் நான்முகியோ தூக்கி எறிந்தாலும் அசையாது. "எங்களுது கெட்டுப்போச்சு டீச்சர்" என்று கனச்சதுரக் குழு வந்து நிற்கும். கெடவில்லை. முக்கோணம் வளையாது, சதுரம் வளையும், அவ்வளவுதான். அதே 12 ஸ்ட்ராவை வைத்து எட்டு முக்கோணங்கள் கொண்ட எண்முகி செய்தால் அது உறுதியாக நிற்கும். எண்ணிக்கை ஒன்றுதான், அமைப்பு வேறு. கனச்சதுரத்தை எப்படி நிற்க வைப்பது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் குறுக்கே ஒன்று, மொத்தம் ஆறு குறுக்கு ஸ்ட்ரா போட்டால் நின்றுவிடும். பக்கம் 10 செ.மீ. என்றால் குறுக்கு ஸ்ட்ரா 14 செ.மீ.க்குச் சற்று மேல். அதே நீளத்தில் வெட்டிக்கொண்டு வந்து எட்டாமல் விழிப்பார்கள். விழிக்கட்டும். பின்னாளில் முக்கோணச் சட்டங்களால் பெரிய குவிமாடங்கள் கட்டிப் பெயர் பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லர், தனக்குச் சிறுவயதில் பார்வை மங்கல் என்றும், கிண்டர்கார்டனில் பட்டாணியும் குச்சியும் வைத்துக் கட்டியபோது சதுரம் ஆடுவதையும் முக்கோணம் நிற்பதையும் கையாலேயே உணர்ந்தேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் அட்டையும் கத்தரிக்கோலும். எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெட்டியை வெட்டி விரித்தால் கிடைக்கும் தட்டை உருவத்தைப் பாடநூல்கள் வலை என்கின்றன. வகுப்பில் நான் 'விரிப்பு' என்பேன், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1525-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலேயே கன உருவங்களின் விரிப்புகளை வரைந்து காட்டியிருக்கிறார். இன்றைக்கு நாம் அதை அச்சடித்த தாளாகக் கொடுத்து, "புள்ளிக்கோட்டில் மடி, நிழலிட்ட இடத்தில் பசை தடவு" என்கிறோம். இந்த அச்சுத் தாள்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை. யோசனை முழுவதையும் அச்சடித்தவரே செய்து முடித்துவிட்டார். பிள்ளைக்கு மிஞ்சுவது பசை மட்டும்.

அதற்குப் பதில் ஆறு சதுர அட்டைகளையும் செலோடேப்பையும் கொடுத்து மூடிய பெட்டி செய்யச் சொல்லுங்கள். ஒரு விளிம்புக்கு ஒரு டேப் துண்டு என்பது விதி. டேப் துண்டுகளை முன்கூட்டியே வெட்டி மேசை ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு சதுரத்துக்கும் நான்கு நான்கு பக்கம், ஆகவே 24 துண்டு வேண்டும் என்று பெரும்பாலான குழுக்கள் சொல்லும். ஒட்டி முடிக்கும்போது சரியாகப் பாதி மிஞ்சியிருக்கும். "எங்க போச்சு மீதி 12?" ஒவ்வொரு டேப்பும் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வரும். அதே போல 24 மூலைகளில் மும்மூன்று சேர்ந்து 8 முனைகள் ஆகின்றன. ஒப்பித்த எண்களுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

இப்போது அந்தப் பெட்டியையே திரும்ப வெட்டச் சொல்லுங்கள். விதி இரண்டு: தட்டையாக முழுதும் விரிய வேண்டும், ஒரு துண்டும் தனியே விழக்கூடாது. எத்தனை விளிம்புகளை வெட்டினோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரு குழுவுக்குச் சிலுவை வடிவில் விரியும், இன்னொன்றுக்குப் படிக்கட்டு போல, வேறொன்றுக்குக் கோணல்மாணலாக. ஆனால் எல்லாரும் வெட்டியது 7 விளிம்புகளே. ஆறு பேர் ஆறு விதமாக வெட்டி ஒரே எண்ணில் வந்து நிற்கும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும் பாருங்கள்! காரணம் எளிது. ஆறு முகங்கள் ஒரே துண்டாகத் தொங்க ஐந்து மடிப்புகள் போதும். 12-இல் 5 மிஞ்சினால் வெட்டுப்பட்டது 7.

இதற்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. இது உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. தட்டையாக விரிய வேண்டுமானால் கத்தரி ஒவ்வொரு முனையையும் தொட்டாக வேண்டும். துண்டு விழக்கூடாதென்றால் வெட்டு எங்கும் சுற்றி வந்து மூடிக்கொள்ளக் கூடாது. எட்டு முனைகளை அப்படி இணைக்க ஏழு வெட்டுதான் வேண்டும். ஆக வெட்டு என்பது முனைகளைவிட ஒன்று குறைவு, மடிப்பு என்பது முகங்களைவிட ஒன்று குறைவு, இரண்டும் சேர்ந்தால் விளிம்புகளின் எண்ணிக்கை. சதுரப் பிரமிடில் சரிபாருங்கள்: 5 முனை, 4 வெட்டு, 5 முகம், 4 மடிப்பு, மொத்தம் 8 விளிம்பு. முனைகளையும் முகங்களையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் 2 வரும் என்று கணித அறிஞர் ஆய்லர் 1750-இல் இன்னொரு கணித அறிஞரான கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன உறவு இதுதான். கத்தரிக்கோல் அதை நிரூபித்தே காட்டிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் "வெட்டு எத்தனை, மடிப்பு எத்தனை" என்று ஒரு பட்டியல் போட வைத்தால், சூத்திரம் சொல்லாமலேயே சிலர் அந்த உறவைப் பிடித்துவிடுவார்கள்.

பிறகு விரிப்புகளைச் சேகரியுங்கள். திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே விரிப்பாக வைத்துக்கொண்டால் கனச்சதுரத்துக்கு மொத்தம் 11 விரிப்புகள் உண்டு. ஆறு சதுரங்களைப் பக்கம் ஒட்டி அடுக்கும் வழிகளோ 35. மீதி 24 மடித்தால் பெட்டியாகாது. "இது மூடுமா, மூடாதா?" என்று முதலில் கையை உயர்த்தி வாக்கு, பிறகு மடித்துச் சோதனை. ஒரு வாரம் சுவரில் ஒட்டி வைத்தால் 11-ஐயும் வகுப்பே கண்டுபிடித்துவிடும். எண்ணை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏழெட்டோடு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பகடை: எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 வரும்படி, மடிப்பதற்கு முன்னாலேயே விரிப்பில் புள்ளிகளை இட வேண்டும். வரிசையாக நான்கு சதுரம் இருந்தால் ஒன்று விட்டு ஒன்று எதிர்முகமாகும் என்பது தெரியாமல் இதை முடிக்க முடியாது. மனத்துக்குள் மடிக்கும் பயிற்சிக்கு இது நல்ல வேலை.

ஒரு எச்சரிக்கை. நிஜமான காலிப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னால் அவற்றில் ஒட்டுமடல்கள் இருக்கும். பிள்ளைகள் அவற்றையும் முகமாக எண்ணி 9, 10 என்பார்கள். வெட்டுவதற்கு முந்தைய நாளே மடல்களை நறுக்கி, பெட்டியை டேப் போட்டு மூடிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உருளையும் கூம்பும் விரியும், பந்து விரியாது. டப்பாவைச் சுற்றிய தாளை நேராக வெட்டினால் செவ்வகம், சாய்வாகச் சுற்றி வெட்டினால் இணைகரம். துணிச்சுருள், தாள்சுருள்களின் நடுவே இருக்கும் அட்டைக்குழாயை அதன் சுருள் ஒட்டிலேயே பிரித்துப் பாருங்கள், இணைகரம் தானாகவே கிடைக்கும். கூம்பு செய்ய அரைவட்டத் தாளைச் சுருட்டினால் போதும். அடிவட்டத்தின் விட்டம், அரைவட்டத்தின் ஆரத்துக்குச் சமமாக வந்து நிற்கும். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் பந்தை எத்தனை துண்டாக நறுக்கினாலும் துண்டுகள் மேசையில் படியாமல் குழிந்தே நிற்கும். உலக வரைபடங்கள் ஏன் எல்லாவற்றையும் சரியாகக் காட்ட முடிவதில்லை என்பதற்கும் இதுவே காரணம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்.

களிமண்ணுக்கு வருவோம். கனச்சதுரமாகத் தட்டிய களிமண் கட்டியை நூலால் அறுத்தால் உள்ளே என்ன வடிவம்? நேராக அறுத்தால் சதுரம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு மூலையைச் சீவினால் முக்கோணம் என்பது சிலருக்கே தோன்றும். அறுகோணம் வரும் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். கட்டியின் நடுவே ஊடுருவிப் பார்த்தால் நேர் எதிரெதிராக இருக்கும் மூலைகள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். அவற்றைத் தொடாத விளிம்புகள் ஆறு இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குண்டூசியைக் குத்தி, அந்த ஆறு ஊசிகள் வழியாக நூலைச் சுற்றி இழுத்து அறுங்கள். இரண்டு பாதியையும் பிரித்தால் உள்ளே அழகான ஒழுங்கு அறுகோணம். ஏழு பக்கம் வருமா என்று கேட்பவர் கட்டாயம் இருப்பார். வராது, ஏனென்றால் நூல் ஒரு முகத்தை ஒரு தடவைதான் கடக்கும், முகங்களோ ஆறு. இதைப் பிள்ளைகளையே சொல்லவிடலாம். களிமண் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். இளகியிருந்தால் நூல் கட்டியை நசுக்கி, அறுகோணம் உருளைக்கிழங்காகிவிடும். நிழல் விளையாட்டையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்ச் ஒளியில் உருளை ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் செவ்வகம். கனச்சதுரத்தை மூலையில் நிறுத்திப் பிடித்தால் அங்கேயும் அறுகோண நிழல்.

சிறு கட்டைகளில் இரண்டு வேலைகளை மட்டும் சொல்கிறேன். 24 கட்டைகளைக் கொடுத்து எத்தனை விதமான கனச்செவ்வகம் செய்யலாம் என்று கேளுங்கள். ஆறு உண்டு: ஒற்றை வரிசையாக 24 நீளம் போவதிலிருந்து 2, 3, 4 என்ற கச்சிதமான கட்டி வரை. எல்லாம் அதே 24 கட்டைதான். ஆனால் வெளியே தெரியும் சதுரங்களை எண்ணினால் நீளமானதில் 98, கச்சிதமானதில் 52. கன அளவும் மேற்பரப்பும் வேறுவேறு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றொன்று, 27 கட்டைகளால் 3×3×3 பெரிய கட்டி செய்து வெளிப்பக்கம் முழுவதும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் பிரிப்பது. மூன்று ஸ்டிக்கர் உள்ள கட்டைகள் 8, இரண்டு உள்ளவை 12, ஒன்று உள்ளவை 6, ஒன்றுமே இல்லாதது நடுவில் ஒன்றே ஒன்று. 8, 12, 6 என்ற எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். முனை, விளிம்பு, முகம்! முதல் நாளில் ஒப்பித்த அட்டவணை இங்கே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது.

கொள்ளளவுக்கு ஏ4 தாள் இரண்டு போதும். ஒன்றை நீளவாக்கில் சுருட்டி ஒல்லியான உயரமான குழாய், மற்றதை அகலவாக்கில் சுருட்டிக் குட்டையான பருத்த குழாய். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் டேப் போடுங்கள். எதில் அதிகம் பிடிக்கும்? "ஒரே தாள்தானே, சமம்" என்று பாதி வகுப்பு, "உயரமானதுல" என்று மீதி. குட்டைக் குழாயைத் தட்டில் நிறுத்தி, அதற்குள் உயரக் குழாயை இறக்கி, அதில் உலர்ந்த மணலை விளிம்புவரை நிரப்புங்கள். பிறகு உள்குழாயை மெல்ல மேலே உருவுங்கள். மணல் பரவிப் படிந்து, 21 செ.மீ. உயரத்தில் ஏறத்தாழ 15 செ.மீ.யிலேயே நின்றுவிடும். சத்தமே வராது ஒரு கணம். கணக்குப்படி பருத்தது 7 கிண்ணம் கொள்ளும் என்றால் ஒல்லியானது சுமார் 5 கொள்ளும். நான்காம் வகுப்புக்குச் சூத்திரம் வேண்டாம், இந்தக் காட்சி போதும்.

கணினியில் வடிவத்தைச் சுழற்றிக் காட்டும் செயலிகள் நல்லவைதான், ஆனால் கைவேலைக்குப் பிறகு. திரையில் சுழல்வதும் படம்தான். கையில் பெட்டி இருந்த நினைவு உள்ள பிள்ளைதான் அந்தப் படத்துக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதாக உணரும்.

இனி உருளையின் விளிம்பு. இரண்டு புத்தகங்களும் தவறில்லை, வரையறைதான் வேறு. எல்லா முகமும் தட்டையாக உள்ள உருவங்களுக்கு விளிம்பு என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் நேர்கோட்டுத் துண்டு. அந்த வரையறையை உருளைக்குக் கொண்டுவந்தால் நேர்கோடு எதுவும் இல்லை, ஆகவே 0. இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு எதுவானாலும் விளிம்பு, அது வளைந்தும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் மேலும் கீழும் இரண்டு வட்டங்கள், ஆகவே 2. கூம்பின் உச்சியை முனை என்பதா, நுனி என்று மட்டும் சொல்வதா என்பதிலும் இதே சிக்கல். வளைபரப்பு உள்ள உருவங்களை வெட்டு, மடிப்பு விளையாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வளைந்த விளிம்பையும் சேர்த்து எண்ணினால் கூம்புக்கு ஆய்லர் சொன்ன 2 தற்செயலாக வந்துவிடும், உருளைக்கு 1 வரும், பிள்ளை குழம்பும்.

தேர்வுக்கு உங்கள் பாடநூல் எந்த வரையறையை எடுத்துக்கொண்டிருக்கிறதோ அதையே எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் மட்டும் வேறு விதமாகக் கேட்கலாம்: "உருளையில் விரலை எங்கே ஓட்டினால் வெட்டென்று திரும்புகிறது?" பிள்ளை டப்பாவின் வாயைச் சுற்றி விரலை ஓட்டும், பிறகு அடியைச் சுற்றி. "ரெண்டு இடம். ஆனா ரெண்டும் முடியவே மாட்டேங்குது டீச்சர், சுத்திக்கிட்டே இருக்கு." அந்தப் பதிலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.